ஆண்டறிக்கை: காட்டு வகுப்பில் கயிறும் முடிச்சும்

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளின் பெற்றோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதம் இரண்டு சனிக்கிழமை காலையில், பிள்ளைகளுக்குக் கயிறும் முடிச்சும் பழக்கும் காட்டு வகுப்பு நடந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் பல வகுப்புகளை விட வேண்டி வந்தது. சருகு நனைந்தால் அட்டை ஏறும். ஈரக் கிளையில் கயிறு கட்டிப் பிள்ளைகளை ஏற்ற எங்களுக்கு மனமும் வரவில்லை.

மலைமேல் உள்ள காடு 2008 முதல் வனவிலங்கு சரணாலயம், அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அதனால் குலசேகரம் பக்கம் உறுப்பினர் ஒருவர் தந்த விளையில், அதாவது மரத் தோட்டத்தில்தான் கூடினோம். அங்கே அயனி, பலா, தேக்கு எல்லாம் நிற்கின்றன. ரப்பரில் மட்டும் கயிறு கட்டுவதில்லை. பட்டையில் காயம் பட்டால் பால் வடியும், கிளையும் காற்றுக்குச் சட்டென்று முறியும். மற்ற மரங்களிலும் சாக்கை மடித்துச் சுற்றிவிட்டுத்தான் கட்டுகிறோம்.

நடந்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முழங்கால் உயரத்தில் கயிற்றுப் பாலம் கட்டியபோது கைப்பிடிக் கயிறு எட்டவில்லை. தும்புக் கயிற்றோடு (தேங்காய் நார்க் கயிறு) நைலான் கயிற்றை ரீஃப் நாட் என்ற முடிச்சுப் போட்டு இணைத்தோம். வலது இடதின் மேல், அப்புறம் இடது வலதின் மேல் என்று முடிச்சு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது காயத்துக்குத் துணி கட்டவும் பொட்டலம் கட்டவும் உதவும் முடிச்சு. தடிமன் வேறான இரண்டு கயிறுகளை இணைத்துப் பாரம் ஏற்ற அது ஆகாது. நைலான் வழுக்கி உருவியது, ஒரு பையன் சருகில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். பிழை பெரியவர்களான எங்களுடையது. இப்போது தொண்டர் ஒருவர் தொங்கிப் பார்த்த பிறகே பிள்ளைகள் ஏறுகிறார்கள். கழுத்தில் கயிறு போடுவது விளையாட்டுக்கும் கூடாது என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அடுத்த வகுப்பில், தடிமன் வேறான கயிறுகளை இணைக்கும் ஷீட் பெண்ட் முடிச்சைக் கற்றுக்கொடுத்தோம். தடித்த கயிற்றை மடக்கிப் பிடித்து, மெல்லிய கயிற்றை அந்த மடிப்புக்குள் கீழிருந்து ஏற்றி, பின்னால் சுற்றி, அதன் அடியிலேயே செருக வேண்டும். குளச்சலிலிருந்து பேத்தியோடு வந்திருந்த பாட்டா ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “இது வலை முடிச்சுல்லா மக்களே! உங்க வீட்டு வலையில ஆயிரம் கிடக்கு” என்றார். பேத்திக்கு ஒரே வியப்பு. அன்று மீதி நேரம் முழுக்க அவர்தான் ஆசிரியர். மரங்களைச் சேர்த்துக் கட்டியதால்தான் அது கட்டுமரம், ஆணி இல்லாத கட்டு அலைக்குக் கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும் என்று விளக்கினார். பிள்ளைகள் நான்கு கம்புகளை வைத்துக் கட்டி, அசைத்து அசைத்துப் பார்த்தார்கள்.

நாம் புத்தகத்தில் தேடியது நம் ஊர்க் கைகளிலேயே இருக்கிறது. அந்தக் கைகளுக்கு வயதாகிறது என்ற கவலை எனக்கு உண்டு. கதம்பையை (தேங்காய் மட்டை) ஊறப்போட்டு அடித்துத் தும்பெடுத்துக் கயிறு திரித்த அக்காமார், காலில் தளைநார் வளையம் போட்டுப் பனையேறியவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து அழைத்து வாருங்கள். வண்டிச் செலவைச் சங்கம் ஏற்கும்.

வெயிலில் கிடந்த பழைய நைலான் கயிறுகள் நார்நாராகப் பிரிகின்றன, அவற்றை ஒதுக்கிவிட்டோம். புதுக் கயிறு வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். வீட்டில் பழைய சாக்கு இருந்தால் அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்