எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய சர்வீஸ் எஸ்டிமேட்டைப் பார்த்தேன். ஒன்றிரண்டு வேலை நியாயமானவை, ஒன்றிரண்டு வீண், மற்றதெல்லாம் அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் நீ காரை விட்டதே ஸ்டீயரிங் நடுக்கத்துக்காக. அது பட்டியலில் எங்கேயும் இல்லை. "பிரேக் செக்" என்று இரண்டு வார்த்தையோடு முடித்துவிட்டார்கள். இன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாதே. முதலில் இதைப் படி.

கவுன்டரில் உன்னிடம் பேசும் அட்வைசர் காரைத் தொடுகிறவர் இல்லை. தொடுகிற மெக்கானிக் உன்னைப் பார்க்கப் போவதில்லை. இருவருக்கும் நடுவே இருப்பது ஜாப் கார்டு என்கிற வேலைச் சீட்டு ஒன்றுதான். அதில் எழுதாதது மெக்கானிக்கின் காதுக்குப் போகாது. அதனால் இப்படி எழுதச் சொல்: "90 கிமீ வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. மிதிக்காமல் ஓட்டினால் நடுக்கம் இல்லை. 20 நிமிடம் ஓடிய பிறகு அதிகமாகிறது." எந்த வேகம், எப்போது, சூடாகவா குளிர்ந்தா, திருப்பும்போதா நேராகப் போகும்போதா, இவ்வளவும் வேண்டும். எந்தப் பாகத்தை மாற்றவேண்டும் என்று மட்டும் நீ சொல்லாதே. "டிஸ்க் மாத்துங்க" என்றால் மாற்றிவிடுவார்கள்; நடுக்கம் போகாவிட்டால், "நீங்க கேட்டதைத்தானே சார் செஞ்சோம்" என்பார்கள். அடையாளத்தைச் சொல்வது உன் வேலை, காரணத்தைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டு.

பட்டியலில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, இருக்கிறது; நடுக்கத்துக்கு அதுதான் மருந்து என்று நினைத்துவிடாதே. அலைன்மென்டுக்கும் நடுக்கத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. நேரான ரோட்டில் கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலோதான் அலைன்மென்ட் பார்க்கவேண்டும். அதற்கும் முன்னால் நான்கு டயரிலும் காற்றைச் சரிபார். பிரேக் மிதிக்காமலே 80, 100-ல் நடுங்கினால் பாலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமன். பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்கினால் முன்பக்க டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு. உன் காரில் இருப்பது மூன்றாவது.

"டிஸ்க் வளைஞ்சுபோச்சு" என்று சொல்வார்கள். இரும்பு அவ்வளவு எளிதாக வளையாது. பெரும்பாலும் நடப்பது வேறு: டிஸ்க், சக்கரத்தைத் தாங்கும் ஹப்பில் மயிரிழை சாய்ந்து உட்காருகிறது. ஹப்பின் முகத்தில் துரு இருந்தாலோ, வீல் நட்டை முடுக்கும் இயந்திர கன்னால் ஒரு பக்கம் இறுக்கியும் ஒரு பக்கம் தளர்வாகவும் முடுக்கியிருந்தாலோ அப்படி ஆகும். பல கார்களில் 0.05 மிமீ சாய்வே அதிகம். அந்தச் சாய்வால் ஒவ்வொரு சுற்றிலும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் ஒரே இடத்தில் உரசி, சில ஆயிரம் கிமீட்டரில் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. உன் கைக்கு வரும் நடுக்கம் அதுதான். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டிஸ்க் போட்டால் அடுத்த சர்வீஸுக்குள் மறுபடி நடுங்கும்.

ஆகவே இதைக் கேள்: டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் சாய்வு எவ்வளவு, மைக்ரோமீட்டரில் தடிமன் எவ்வளவு? குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் போதுமான அளவு இருந்தால் காரிலேயே வைத்துக் கடைந்து சரிசெய்யலாம். அதை நெருங்கிவிட்டால் மாற்றித்தான் ஆகவேண்டும், இரண்டு பக்கமும் ஜோடியாக. எதைச் செய்தாலும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யவேண்டும், வீல் நட்டை எதிரெதிராக வரிசை மாற்றி, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்கவேண்டும். பல சிறிய கார்களுக்கு இந்த இறுக்கம் 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உன் காரின் சரியான எண் மேனுவலில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஜாப் கார்டில் எழுதச் சொல். எழுதினால்தான் நடக்கும்.

பேட் 80 சதவீதம் தேய்ந்துவிட்டது என்று போட்டிருக்கிறார்கள். சதவீதம் என்று யார் சொன்னாலும், "எத்தனை மிமீ இருக்கு?" என்று திருப்பிக் கேள். புது பேடின் உராயும் பகுதி ஏறக்குறைய 10 முதல் 12 மிமீ. பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்க்காமல் 3 மிமீக்கு வந்தால் மாற்றவேண்டும். 5 மிமீ இருந்தால் அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம். உள்பக்க பேடையும் வெளிப்பக்க பேடையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள். உள்பக்கம் மட்டும் மிக அதிகமாகத் தேய்ந்திருந்தால் பெரும்பாலும், பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் போடாமல் பேடை மட்டும் மாற்றினால் புதியதும் அதே மாதிரிதான் தேயும்.

பிரேக் ஃப்ளூயிட் மாற்றுவது நியாயம். வாங்கி நான்கு வருடம் ஆகிறது, உன் பழைய பில்கள் எதிலும் அது இல்லை. அந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கவேண்டும் என்பது தரம், 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகி பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது அதனால்தான். பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றினால் மாற்றியதாகாது. நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்யவேண்டும், அதாவது குழாயில் இருக்கும் பழையதை வெளியேற்றவேண்டும். இதைத் தெளிவாகவே கேள். இன்னொன்று, டப்பாவில் அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதே. பேட் தேயத் தேய அளவு இறங்குவது இயல்பு. பேட் நன்றாக இருந்தும் இறங்கினால் எங்கேயோ கசிகிறது.

இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. கிரேடை மேனுவலோடு ஒப்பிடு. 0டபிள்யூ-20 என்று போட்டிருக்கும் இன்ஜினுக்கு "இதுவும் நல்லதுதான்" என்று கெட்டியான ஆயிலை ஊற்ற விடாதே. எத்தனை லிட்டர் பில் போடுகிறார்கள் என்றும் பார். மேனுவல் ஃபில்டரோடு சேர்த்து 3.5 லிட்டர் என்றால் 4 லிட்டருக்குப் பில் வரும்போது மீதி அரை லிட்டர் உன்னுடையது. கேட்டு வாங்கி டிக்கியில் வை. அதை இன்ஜினிலேயே ஊற்றிவிட்டார்கள் என்றால் அது இன்னும் மோசம். அளவு மிஞ்சினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரை ஒழுங்காக உயவு தராது. ஆயில் டிரெயின் பிளக்கின் வாஷர் புதியதா என்பதும் கேட்கத்தக்க கேள்விதான். சின்னப் பாகம், ஆனால் பழையதையே போட்டால் சொட்டும்.

இன்ஜின் ஃப்ளஷ், அதாவது மருந்து ஊற்றி உள்ளே கழுவுவது, வேண்டாம். வேளாவேளைக்கு ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு அது அவசியமில்லை. மாற்றாமல் விட்ட இன்ஜினில் அது கிளப்பிவிடும் கசடு ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். இன்ஜெக்டர் கிளீனிங்கும் வேண்டாம். மேனுவலில் இல்லாத வேலை பட்டியலில் இருந்தால், "எந்த அறிகுறிக்காக இது?" என்று கேட்டுப் பார். பதில் வராவிட்டால் அடித்துவிடு.

ஏசி கேஸ் "டாப் அப்" என்று ஒன்று இருக்கிறதே, அதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருளில்லை. நாள்பட்ட காரில் மெல்ல மெல்லச் சிறிது குறைவது உண்டு. ஏசி குளிர்ச்சி தெரியக் குறைகிற அளவுக்கு இறங்கினால் கசிவு இருக்கிறது. முதலில் கசிவைக் கண்டுபிடிக்கவேண்டும், பிறகு சரிசெய்து, வேக்கம் போட்டு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்கில் நிரப்பவேண்டும். உன் ஏசி நன்றாகத்தான் குளிர்கிறது என்கிறாய். அப்படியானால் தொடவே வேண்டாம். ஏசி ஃபில்டரை நீயே மாற்றலாம். பல கார்களில் கிளவ் பாக்ஸைக் கீழே இறக்கினால் பின்னால் ஒரு மூடி, அதற்குள் ஃபில்டர். அதில் இருக்கும் அம்புக்குறி பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு. ஸ்கேனரில் பி0171 என்று பிழைக் குறியீடு வந்திருக்கிறது, ஆக்சிஜன் சென்சார் மாற்றவேண்டும் என்கிறார்கள். இதை மட்டும் எளிதில் ஒத்துக்கொள்ளாதே. அந்தக் குறியீடு சொல்வது, இன்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதை. அதைக் கண்டு சொன்னதே ஆக்சிஜன் சென்சார்தான். தகவல் சொன்னவனைத் தண்டித்து என்ன பயன்? காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: விரிசல் விட்ட வேக்கம் ஹோஸ், உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு, அல்லது பெட்ரோல் அழுத்தம் குறைவு. எது என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஸ்கேனரில் ஃப்யூல் ட்ரிம் என்று ஓர் எண் ஓடும்; கலவையைச் சரிக்கட்ட காரின் கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. கூட்டல் 10 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகம். ஐடிலில், அதாவது கார் நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, அதிகமாக இருந்து, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் குறைந்தால் வேக்கம் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து, வேகமும் சுமையும் கூடக்கூட ஏறினால் காற்று சென்சார் அல்லது பெட்ரோல் பம்ப். இந்த இரண்டு எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். கசிவைத் தேட, உள்ளே புகை செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் உண்டு. அதற்குக் கட்டணம் கேட்டால் கொடு. வீணாக ஒரு சென்சாரை மாற்றுவதைவிடச் சரியாகக் கண்டுபிடிப்பதற்குக் கொடுக்கும் காசு குறைவு. இதற்கிடையே விளக்கு விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தால் அது வேறு கதை: மிஸ்ஃபயர் ஆகி, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டு.

பேட்டரிக்கும் எண் கேள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலும் 13.8-க்கும் 14.7-க்கும் நடுவில் நிற்கும். வோல்ட் குறைந்திருப்பதாலேயே பேட்டரி போய்விட்டது என்று ஆகாது. நீ குறைந்த தூரமே ஓட்டுகிறாய், சார்ஜ் ஏறாமலே இருக்கலாம். முழுதாக சார்ஜ் செய்துவிட்டு லோடு டெஸ்ட் போட்டு, அதாவது சுமை கொடுத்துப் பார்த்து, அதில் தோற்றால் மாற்று.

டயர் உன் போட்டோவில் தெளிவாகவே தெரிகிறது: நடுவில் பள்ளம் இருக்கிறது, இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கிறது. காற்று குறைவாக ஓட்டியிருக்கிறாய். எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கத்தில் அச்சடித்திருப்பது உச்சவரம்பு, அதைப் பின்பற்றாதே. கார் ஓடிச் சூடாவதற்கு முன் அளக்கவேண்டும். பள்ளம் 1.6 மிமீக்கு வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது; மழையில் ஓட்டுகிறவன் 3 மிமீயிலேயே மாற்றுவது நல்லது. புதியது வாங்கினால் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பார். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது.

பட்டியலில் இல்லாத ஒன்றை நீயாகக் கேள்: இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது டைமிங் பெல்டா, செயினா? பெல்டாக இருந்தால் மேனுவலில் ஒரு கிமீ அளவும் ஒரு வருட அளவும் போட்டிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஓட்டம் குறைவு என்று தள்ளிப்போடாதே, ரப்பர் வயதாலும் கெடும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும், இன்ஜினையே பிரிக்கவேண்டி வரும். மாற்றும்போது பெல்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், வாட்டர் பம்ப் அதே பெல்டில் ஓடினால் அதையும் சேர்த்தே மாற்று. பம்ப்பை மாற்றினால் கூலன்டும் அத்தோடு புதிதாகிவிடும்.

ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது, ஏதும் பாக்கி இருக்கிறதா என்று 17 எழுத்து ஷாசி நம்பரைக் கொடுத்துப் பார்க்கச் சொல். இருந்தால் அந்த வேலைக்குக் காசில்லை.

காரை விடும்போது கிமீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள். கூடுதல் வேலை எதுவானாலும் போனில் வாயால் சரி சொல்லாதே, மெசேஜில் காரணமும் தொகையும் வந்த பிறகு சம்மதம் எழுது. கழற்றிய பாகங்களை வைத்திருக்கச் சொல். வாரன்டியில் மாற்றினால் கம்பெனிக்கு அனுப்புவார்கள், அப்போதும் கண்ணால் பார்க்கலாம். பில்லில் பாகத்தின் நம்பர் இருக்கட்டும்.

காரை எடுக்கும்போது வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலை நான்கைந்து முறை மிதித்துப் பார். பேட் மாற்றிய காரில் முதல் மிதி வெறுமனே தரைவரை போகலாம். கெட்டியாகும் வரை கியர் போடாதே. டிப்ஸ்டிக்கை இழுத்து அளவைப் பார், ஃபில்டரைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பார். பிறகு அந்த 90-ல் ஒருமுறை பிரேக் மிதித்துப் பார்த்துவிட்டே பணம் கட்டு. புது பேட் படிவதற்கு முதல் 200, 300 கிமீ வரை அவசரம் இல்லாத இடத்தில் அடித்து பிரேக் போடாதே. 100 கிமீ ஓடியதும் வீல் நட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்க்கச் சொல். அதற்குப் பெரும்பாலும் தனியாகக் காசு கேட்கமாட்டார்கள்.

அன்புடன்,
அம்மா