எந்த ஊர்த் தண்ணீர் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் குடியிருப்பில் பல ஆண்டுகளாக வீட்டு வேலை செய்யும் பெண்மணி ஒருவர் மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்துக்காரர். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் மிளகு மிளகாகத் தோல் தடித்திருந்தது. கழுத்துக்குக் கீழே மழைத்துளி தெறித்தது போல் கரும்புள்ளிகள். அக்கம்பக்கத்து மருத்துவர் ஒருவர், பாத்திரம் தேய்க்கும் சோப்பினால் வந்த ஒவ்வாமை என்று மூன்று முறை களிம்பு கொடுத்து அனுப்பினார். நானும் அதையே நம்பினேன். ஊரில் வயல்வேலை செய்யும் தன் அண்ணனுக்கும் உள்ளங்காலில் இப்படியே இருக்கிறது என்று அவர் ஒரு நாள் சொன்ன பிறகுதான் வேறொரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த மருத்துவர் கையைப் பார்த்தவுடன் கேட்டது, “சிறு வயதில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்?” என்பதைத்தான்.

வாசலில் இருந்த அடிபம்புத் தண்ணீர். அதில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருந்திருக்கிறது.

அப்பகுதிக்கு இது புதிய செய்தியன்று. கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா 1983-லேயே இத்தகைய நோயாளிகளைக் கண்டறிந்தார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் தம் வாழ்நாள் முழுவதும் கிராமம் கிராமமாக நடந்து எச்சரித்தார். வங்கதேசத்தில் 1993-இல் இது வெளிப்பட்டது.

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு வண்டல் என்றால் நெல் விளையும் மண் என்று மட்டுமே தெரியும். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்த வண்டலில் இரும்புத் தாதுவோடு ஆர்செனிக்கும் ஒட்டியிருக்கிறது. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில், மக்கிய தழைகளைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைக்கும்போது ஆர்செனிக்கும் விடுபட்டுத் தண்ணீரில் கலந்துவிடுகிறது. குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வாந்திபேதியில் மடிந்த காலத்தில், அவர்களைக் காப்பாற்றவென்று இறக்கப்பட்ட அடிபம்புகளில் பெரும்பாலானவை இந்த வண்டல் அடுக்கிலிருந்தே நீரை எடுத்தன. நீரில் கலந்த ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். சித்த மருத்துவம் வெள்ளைப் பாஷாணம் என்று பெயரிட்டு, சுத்தி செய்யாமல் தொடாத பொருளும் ஆர்செனிக்கின் ஒரு வடிவமே.

லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஒரு வீட்டுப் பம்பில் இதைப்போல் பல மடங்கு இருக்க, கூப்பிடு தூரத்தில் இருக்கும் அடுத்த வீட்டுப் பம்பு குடிக்கத் தக்கதாக இருக்கக்கூடும் என்பதால், ஊருக்கு ஒரு பாட்டில் எடுத்துச் சோதிப்பதால் பயனில்லை. ஒவ்வொரு பம்பையும் சோதிக்க வேண்டும்; முடிவைக் கோப்பில் பூட்டாமல் பம்பின் மீதே எழுத வேண்டும். வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்து, கூடாதவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். குழாய்நீர்த் திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன, மகிழ்ச்சியே. ஆனால் குழாயில் நீர் வராத நாளில் அந்த ஊர்ப் பெண்கள் பழைய பம்புக்குத்தான் குடத்தோடு போவார்கள்.

தில்லியில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. இந்த நஞ்சு உடலில் தெரிய வரவே பல ஆண்டுகள் ஆகும். நதியா, முர்ஷிதாபாத், மால்டா, பீகாரின் போஜ்பூர், உத்தரப் பிரதேசத்தின் பலியா ஆகிய பகுதிகளில் பிள்ளைப் பருவத்தில் குடித்த நீர், பிழைக்க வந்த இந்த நகரில் முப்பது நாற்பது வயதில் தோலில் வெளிப்படுகிறது. பின்னர் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயாகவும் மாறலாம். தில்லி அரசு மருந்தகங்களில் தோல் தடிப்போடு வருபவரிடம் சொந்த ஊரையும் குடித்த தண்ணீரையும் கேட்டுக் குறிக்கும் வழக்கம் வர வேண்டும். தமிழ் அமைப்புகள் இங்கே நடத்தும் மருத்துவ முகாம்களுக்கு, நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களையும் அழைத்துவர வேண்டும். ஒரு தோல் மருத்துவர் இருந்தால் போதும்.

அந்தப் பெண்மணி இந்த ஆண்டு துர்கா பூஜைக்கு ஊருக்குப் போகிறார். அண்ணன் வீட்டில் இன்னும் அதே பம்புதான். அந்த நீரைச் சோதனைக்குக் கொடுக்க, சுத்தமான பாட்டில்கள் இரண்டை அவருடைய பையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மயூர் விகார், தில்லி