பெட்டியைத் திறந்ததும் ப்ளக்கைச் சொருகிவிடாதே

அன்பு மகளே,

பரணில் இருந்த ஸ்பெக்ட்ரம் 48கே, அந்தப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர், உன் கைக்கு வந்துவிட்டது என்றாய். 1982இல் வந்த மாடல் அது. ஆசையில் உடனே கரண்ட் கொடுத்துவிடாதே.

முதலில் அடாப்டரைப் பார். 9 வோல்ட் டிசி, 1.4 ஆம்பியர் வேண்டும், ப்ளக்கின் நடுமுனை நெகட்டிவாக இருக்க வேண்டும். இப்போது விற்பவை பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். அதைச் சொருகினால் போர்டு போய்விடும். பழைய ஒரிஜினல் அடாப்டரை மல்டிமீட்டரில் அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேலேகூடக் காட்டும். பயப்படாதே. அது ரெகுலேட்டர் இல்லாத வகை, லோடு ஏறியதும் இறங்கிவிடும்.

ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. சொருகினால் ஆன், பிடுங்கினால் ஆஃப், அவ்வளவுதான். ஆனால் கரண்ட் இருக்கும்போது பின்பக்க எட்ஜ் கனெக்டரில், அதாவது மற்ற கருவிகளை மாட்டும் போர்டு விளிம்பில், எதையும் மாட்டாதே, கழற்றாதே. இந்த மெஷின்களைக் கொன்ற முக்கியமான பழக்கம் இதுதான். கொஞ்சம் கோணலாகப் பட்டாலும் ஷார்ட் ஆகி, உள்ளே 12 வோல்ட்டும் −5 வோல்ட்டும் உண்டாக்கும் சர்க்யூட் படுத்துவிடும். 4116 என்ற ராம் (நினைவக) சிப்புகளுக்கு −5 வராமல் 12 மட்டும் வந்தால் அவை சூடேறிச் செத்துப்போகும். அளக்க வேண்டுமா? மீட்டரின் கறுப்பு முனையை சிப்பின் 16ஆம் காலில் வை. 1ஆம் காலில் −5, 8ஆம் காலில் 12, 9ஆம் காலில் 5 வர வேண்டும்.

கீபோர்டில் சில கீகள் மட்டும் கூட்டமாக வேலை செய்யாவிட்டால் சிப்பைச் சந்தேகிக்காதே. அடியில் உள்ள மெம்பிரேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளின் வால்கள் (போர்டில் சொருகும் பட்டைகள்) வயதாகி மொறமொறத்துவிடும், கனெக்டர் அருகே விரிசல் விடும். 40 கீகளும் 5 கோடு உள்ள வால், 8 கோடு உள்ள வால் என்ற இரண்டில் பிரிந்திருக்கின்றன. எட்டுக் கோடு உள்ள வாலில் ஒன்று அறுந்தால் ஐந்து கீகள் ஒன்றாகப் போகும். ஒட்டிப் பார்ப்பது வீண்வேலை. புது மெம்பிரேனே போட்டுவிடு. அதற்குக் கீபோர்டின் மேல் தகட்டை ஹேர் டிரையரால் சூடாக்கி மெதுவாக எடு, சட்டென்று வளைந்துவிடும்.

டிவி இணைப்பு யுஎச்எஃப் 36ஆம் சேனலில் வரும். இன்றைய டிவியில் அனலாக் டியூனர் இல்லையென்றால் படமே தெரியாது. படத்தை டிவி சேனலாக மாற்றும் மாடுலேட்டரைத் தாண்டி, காம்போசிட் என்ற வீடியோ சிக்னலை நேராக வெளியே எடுக்க வேண்டியிருக்கும். சால்டரிங் பழகிய கை செய்யட்டும்.

திரையின் அடியில் காப்பிரைட் வரி வந்துவிட்டால் பாதி வெற்றி. மீதிக்கு, ராம் சரியா என்று பார்க்க, பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்ற கட்டளையைக் கொடு. 65535 வந்தால் முழு 48கே இருக்கிறது, 32767 வந்தால் மேல் 32கே வேலை செய்யவில்லை. பீக்கை எழுத்து எழுத்தாக அடிக்க முடியாது, தெரியுமா? கேப்ஸ் ஷிஃப்ட், சிம்பல் ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு ஓ கீயை அழுத்து. டேப்பிலிருந்து புரோகிராமை ஏற்றும் லோட் வேண்டுமென்றால் ஜே ஒன்றே போதும்.

இத்தனை சொன்னாலும் என் கவலை புரோகிராம்கள் பதிந்திருக்கும் கேசட்டுகளைப் பற்றித்தான். சிப் செத்தால் வேறு போடலாம், டேப்பில் இருக்கும் புரோகிராமுக்கு வேறு பிரதி இல்லை. பழைய பிளேயரின் ரப்பர் பெல்ட் இளகிப் பிசினாகி இருக்கும், மாற்றாமல் கேசட்டை உள்ளே போடாதே. டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடை. லோட் ஆகும்போது திரையின் ஓரத்து பார்டரில் சிவப்பும் வெளிர்நீலமும் அகலக் கோடாக ஓடும், பிறகு நீலமும் மஞ்சளும் மெல்லிய கோடாக ஓடும். முதல் கோடு வந்து இரண்டாவதில் ‘டேப் லோடிங் எரர்’ என்று நின்றால் ஹெட்டின் பக்கத்து ஸ்க்ரூவை மிக மெதுவாகத் திருப்பு. சத்தம் கூர்மையாகக் கேட்கும் இடமே சரியான இடம். முக்கால் வால்யூமில் தொடங்கு. டேப்பின் சத்தத்தைக் கணினியில் பதிவு செய்யும்போது வேவ் ஃபைலாகவே வை, எம்பி3 ஆக்காதே.

அன்புடன்,
அம்மா