கடல் கடந்து வரும் பேரிங்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பம்ப் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கடைக்கு வந்தார். சுழலும் தண்டைத் தாங்கி உரசாமல் ஓட வைக்கும் பேரிங் ஒன்றைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தோம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தவர், அடியில் அச்சடித்திருந்த நாட்டின் பெயரை வாசித்துவிட்டு, "இப்படி எல்லாத்தையும் வெளியிலிருந்தே வாங்கிக்கிட்டிருந்தா நாடு எப்படி வளரும்? இங்கேயே செஞ்சா நாலு பேருக்கு வேலை கிடைக்காதா?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். இரண்டு வரியில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டோம். அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் கேள்வி நியாயமானது. உங்களில் பலரும் வேறு வேறு விதமாக இதையே கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுச் சரக்கை வரவழைத்து விற்றுப் பிழைக்கும் நாங்கள்தான் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பிரித்ததும் மூக்கில் ஏறுவது, துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயின் வாடை. எண்ணெய்த் தாளை விலக்கினால் உள்வளையம், வெளிவளையம், நடுவில் குண்டுகள், அவை ஒன்றோடொன்று உரசாமல் பிடித்துக்கொள்ளும் கூடு, ஓரத்தில் ரப்பர் சீல், உள்ளே கிரீஸ். பெட்டியின் மேல் ஒரே ஒரு நாட்டின் பெயர்தான் இருக்கும். ஆனால் எஃகு ஒரு நாட்டிலிருந்தும், அதை அரைக்கும் மெஷின் இன்னொரு நாட்டிலிருந்தும், கிரீஸ் மூன்றாவது நாட்டிலிருந்தும் வந்திருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

அந்தக் குண்டு ஒன்றை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நல்ல குண்டின் உருண்டையில் அந்த ஒரு மைக்ரான் பிசகுகூட இருக்காது. அப்படி அரைத்தெடுக்கும் மெஷினை வாங்கிப் போட்டால், அது இரவு பகலாக ஓடிக் கோடிக்கணக்கில் குண்டு தள்ளினால்தான் போட்ட முதல் திரும்பும். சிறிய நாடு ஒன்று தன் தேவைக்கு மட்டும் அந்த ஆலையைக் கட்டினால், வருஷத்தில் பாதி நாள் மெஷின் சும்மா நிற்கும். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் குண்டூசிப் பட்டறையை வைத்துச் சொன்னது இதைத்தான். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டால் ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்துவிடலாம். தனித்தனியாக உட்கார்ந்தால் ஆளுக்கு இருபதுகூடத் தேறாது. ஆனால் 48,000 குண்டூசியை வாங்க ஆள் வேண்டுமே? சந்தை எவ்வளவு பெரியதோ, அவ்வளவுதான் வேலையைப் பிரிக்க முடியும் என்றார் அவர். கடல் கடந்த வணிகம் அந்தச் சந்தையை விரிக்கிறது.

சரி, எல்லாவற்றையும் நன்றாகச் செய்யத் தெரிந்த நாடு எதற்கு வெளியில் வாங்க வேண்டும்? இதற்கு இன்னொரு பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817-இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். போர்ச்சுகலில் ஒரு வருஷத்துக்கான ஒயினைச் செய்ய 80 ஆள், துணிக்கு 90 ஆள். இங்கிலாந்தில் அதே அளவு ஒயினுக்கு 120 ஆள், துணிக்கு 100 ஆள். இரண்டிலும் போர்ச்சுகலே கெட்டி. இருந்தாலும் 80 ஆள் உழைப்பில் செய்த ஒயினைக் கொடுத்து, தானே செய்தால் 90 ஆள் பிடிக்கும் துணியை வாங்கினால் போர்ச்சுகலுக்குப் பத்து ஆள் மிச்சம். துணியைக் கொடுத்து ஒயினை வாங்கும் இங்கிலாந்துக்கு இருபது ஆள் மிச்சம். இரண்டு பேரும் லாபத்தோடு வீடு திரும்புகிறார்கள். நாங்கள் கொள்முதல் செய்யும்போது தினமும் போடுகிற கணக்கும் இதே சாயல்தான்.

ஆனால் ரிக்கார்டோவோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். அந்தக் கணக்கில் போர்ச்சுகல் காலத்துக்கும் ஒயின்தான் செய்ய வேண்டும். ஒரு நாடு ஏழ்மையிலிருந்து எழுந்து நிற்பது அந்த மிச்சத்தால் மட்டும் நடப்பதில்லை. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நாங்கள் நம்புவது இது: சரக்கோடு கூடவே வேலை தெரிந்த கையும் எல்லை கடக்கிறது. அதைப் பிடித்துக்கொண்ட நாடுதான் வளர்கிறது.

1979-இல் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறோம். வங்கதேசத்தில் அப்போது ஏற்றுமதி ஆயத்த ஆடைத் தொழில் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. தேஷ் கார்மென்ட்ஸ் என்ற புது நிறுவனம், தென்கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 130 பேரைப் பூசானில் இருந்த ஆலைக்கு அனுப்பியது. ஏறக்குறைய ஆறு மாதம் அங்கே பயிற்சி. தையல் மட்டுமல்ல, துணி வெட்டுவது, வேலையை வரிசைப்படுத்துவது, தரம் பார்ப்பது, வெளிநாட்டு வாங்குபவரோடு பேசுவது எல்லாம் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த சில வருஷங்களில் அவர்களில் பெரும்பாலோர் தேஷை விட்டு வெளியேறி, சொந்தமாக ஆலை வைத்தார்கள், அல்லது புது ஆலைகளில் பொறுப்பேற்றார்கள். அந்த நிறுவனத்துக்கு அது நஷ்டமாக இருந்திருக்கலாம். நாட்டுக்கு அதுவே விதைநெல். இன்று உலகில் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் வங்கதேசமும் ஒன்று.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்திருந்தும் அவர்களை வேலைக்கு வரச் சொன்னார்கள். ஏற்றுமதி வேலையைக் கொண்டுவரும். வேலை செய்கிறவரின் உயிரைத் தானாகக் காப்பாற்றாது. அதற்குச் சட்டமும், அதை அமல்படுத்துகிற அதிகாரியும், பேசத் துணிந்த சங்கமும் வேண்டும். மலிவாக வாங்கும் நம் பங்கும் அதில் இருக்கிறது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

அந்த 130 பேருக்குச் சொல்லிக் கொடுத்த தென்கொரியாவே அதற்குச் சில வருஷம் முன்புவரை ஏழை நாடுதான். 1960-களில் அவர்கள் வெளியே விற்றவற்றில் பிளைவுட் இருந்தது. பெண்கள் தலைமுடியில் செய்த விக் இருந்தது. 1964-இல் அவர்கள் ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டபோது அதை நாட்டு விழாவாகவே கொண்டாடினார்கள். 1977-இல் அது 1,000 கோடி டாலர். பதின்மூன்றே வருஷத்தில் நூறு மடங்கு. இங்கேதான் பம்ப் பட்டறை அண்ணன் சொன்னதில் உள்ள நியாயம் தெரிகிறது. கொரியர்கள் தங்கள் சந்தையை எல்லோருக்கும் அகலத் திறந்து போட்டுவிடவில்லை. உள்நாட்டு ஆலைகளுக்கு இறக்குமதிப் போட்டியிலிருந்து காப்பு கொடுத்தார்கள், மலிவு வட்டியில் கடன் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சலுகையை ஏற்றுமதியோடு முடிச்சுப் போட்டார்கள். உன் பொருளை முகம் தெரியாத வெளிநாட்டுக்காரன் காசு கொடுத்து வாங்குகிறானா, அப்படியானால் கடன் உண்டு. உறவுக்காகவும் ஊருக்காகவும் அவன் வாங்க மாட்டான். பொருள் நன்றாக இருந்தால் மட்டுமே வாங்குவான். அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் ஒரு ஆலைக்குக் கிடைக்கமாட்டார். காப்பு மட்டும் கொடுத்து, இந்தச் சோதனையை வைக்காமல் விட்ட பல நாடுகளில் ஆலைகள் இருபது வருஷம் கழித்தும் குழந்தையாகவே இருந்தன.

வெறும் ஏற்றுமதி இருந்தால் போதும் என்பதும் இல்லை. ஜாம்பியா பூமியிலிருந்து தாமிரத்தை வெட்டி உலகத்துக்கு விற்றது. 1970-களின் நடுவில் தாமிர விலை சரிந்ததும், அந்த ஒன்றையே நம்பியிருந்த நாடு நெடுங்காலம் எழ முடியாமல் தவித்தது. தாமிரத்தை வெட்டியனுப்பும் கைக்கு, அந்தத் தாமிரத்தில் மோட்டார் சுற்றும் கையாக மாற வழி கிடைக்கவில்லை.

கதவை மொத்தமாகச் சாத்தினால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 1930-இல் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் ஏராளமான பொருட்களுக்கு இறக்குமதி வரியை ஏற்றியது. மற்ற நாடுகள் பதிலுக்கு ஏற்றின. உலகமெங்கும் தொழிலை முடக்கிய பெருமந்தமும் கூடவே நசுக்க, 1929-க்கும் 1933-க்கும் இடையில் உலக வணிகத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்தச் சூடு பட்டதால்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947-இல் 23 நாடுகள் ஜெனீவாவில் கூடி, வரிகளைப் பேசிக் குறைக்க 'காட்' (GATT) ஒப்பந்தத்தைப் போட்டன. 1995-இல் பிறந்த உலக வணிக அமைப்புக்கு அதுவே அடித்தளம்.

இங்கே கணக்கு தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் மடக்கிக் கேட்கலாம்: "வணிகம் செய்ததால் நாடு பணக்காரன் ஆனதா, பணக்காரன் ஆனதால் வணிகம் பெருகியதா?" நல்ல கேள்வி. பொருளாதார அறிஞர்கள் இன்றும் இதில் சண்டை போடுகிறார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த சான்று சூயஸ் கால்வாயில் இருக்கிறது. 1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டதும் கால்வாய் மூடப்பட்டது. எட்டு வருஷம் திறக்கவில்லை. கால்வாயின் நடுவே பெரிய கசப்பு ஏரியில் பல நாடுகளின் 14 கப்பல்கள் சிக்கிக்கொண்டன. பாலைவன மணல் படிந்து மஞ்சளாகிப்போனதால் அவற்றுக்கு 'மஞ்சள் கப்பற்படை' என்றே பெயர் வந்தது. மாலுமிகள் தங்களுக்குள் பொருள் மாற்றிக்கொண்டார்கள், சொந்தமாகத் தபால்தலைகூடச் செய்தார்கள். வெளியிலோ, ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்ற வேண்டியதாயிற்று. ஜேம்ஸ் ஃபைரர் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பிடித்துக்கொண்டார். கால்வாயை மூடியது எந்த நாட்டின் செல்வநிலையைப் பார்த்தும் அல்ல; யாருக்குப் பாதை நீண்டது என்பது வெறும் பூகோளம். அப்படியிருந்தும், பாதை அதிகம் நீண்ட நாடுகளுக்கு வணிகம் அதிகம் குறைந்தது, வருமானமும் அதோடு இறங்கியது. 1975-இல் கால்வாய் திறந்ததும் இரண்டும் மறுபடி ஏறின. வணிகம்தான் வருமானத்தை இழுக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி நாங்கள் பார்த்ததில்லை.

அப்புறம், வலி யாருக்கு என்ற விஷயம். இதை விட்டுவிட்டு இந்த மடலை எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. சீனாவில் கோடிக்கணக்கானோர் வறுமையிலிருந்து மீண்டதில் ஏற்றுமதிக்குப் பெரிய பங்கு உண்டு. அதே சமயம் அமெரிக்காவில் மரச்சாமான், துணி ஆலைகளை நம்பியிருந்த ஊர்கள் அடிவாங்கின. வேலை இழந்தவர்கள் வேறு ஊருக்கு, வேறு தொழிலுக்கு நகர்ந்துவிடுவார்கள் என்று பாடப்புத்தகம் சொன்னது. டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கார்டன் ஹான்சன் மூவரும் ஆராய்ந்தபோது, பல இடங்களில் மக்கள் அப்படி நகரவில்லை, கூலியும் வேலையும் வருஷக்கணக்கில் மீளவில்லை என்று தெரிந்தது. பொருள் மலிவாகக் கிடைக்கும் லாபம் நாடு முழுக்க மெல்லிசாகப் பரவுகிறது. நஷ்டமோ ஒரே தெருவின் மேல் மொத்தமாக விழுகிறது. லாபத்தில் ஒரு பகுதியை எடுத்து அந்தத் தெருவுக்குக் கொடுக்காத நாட்டில், கதவைச் சாத்து என்ற குரல் எழுந்தால் அது தப்பு என்று எங்களால் சொல்ல முடியாது.

இனி நம் கடை விஷயம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட ஆரம்பித்ததும், பல கப்பல் நிறுவனங்கள் சூயஸை விட்டு மறுபடியும் அந்தப் பழைய தென்முனைப் பாதையில் திரும்பின. ஒரு பயணத்துக்குப் பத்து, பதினான்கு நாள் கூடியது. பாதையில் கழியும் ஒவ்வொரு நாளும், பொருளின் மேல் 0.6 முதல் 2.1 சதவீதம் வரி போட்டதற்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு, "சரக்கு எப்போ வரும்?" என்று எங்களுக்குப் போன் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அதனால் வேகமாக ஓடும் அளவுகளை மூன்று மாதத் தேவைக்கு இருப்பு வைக்க ஆரம்பித்திருக்கிறோம்.

பேரிங் உட்காரும் வார்ப்பிரும்புக் கூட்டை மட்டும் இப்போது உள்ளூரிலேயே வாங்குகிறோம். கனமான பொருள், கப்பல் வாடகையே பாதி விலையைத் தின்றுவிடும். வார்ப்பாலை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் வெளிநாட்டு வரைபடத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்னோம். நன்றாக வந்ததும் வெளிநாட்டு வாங்குபவர் ஒருவருக்கும் மாதிரி அனுப்பினோம். முதல் தவணை திரும்பி வந்தது. துளை அளவு சரியில்லை என்று ஒவ்வொரு கூட்டிலும் சாக்பீஸில் குறித்திருந்தார்கள். தம்பி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்புறம் அளவுக்கருவி வாங்கினார், மணல் அச்சை மாற்றினார், ஒவ்வொரு துளையையும் தானே அளந்தார். நான்காவது தவணையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்போது நமக்கு வரும் கூடுகளும் அதே அளவுக்கருவியில் தேறி வருபவைதான்.

அந்தக் கூடுகள் இந்த வாரம் முதல் கடையில் கிடைக்கும். பம்ப் பட்டறை அண்ணனுக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறோம். அவர் கேட்ட பேரிங் மட்டும் முன்போலவே கப்பலில்தான் வரும். அடுத்த சரக்கு துறைமுகத்தில் இறங்கியதும் எல்லோருக்கும் தகவல் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பேரிங், உதிரிபாகக் கடையினர்