பாவுரி வேறு, பவாரியா வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் மேற்கு வங்க அரசியல் பற்றி வந்த கட்டுரையில் பாவுரி மக்களைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் 'ஒரு காலத்தில் கொள்ளைத் தொழிலில் இருந்தவர்கள்' என்று. கட்டுரை எழுதியவர் இதைப் பவாரியா என்ற பெயரோடு போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன். 2005-ல் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனம் வீட்டுக்குள் பவாரியா கும்பல் புகுந்து அவரைக் கொன்ற பிறகு அந்தப் பெயர் நம் ஊரில் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் அது ராஜஸ்தான், ஹரியானா பக்கத்துச் சமூகம். பாவுரிகள் பாங்குரா, புருலியா, பர்த்வான் ஜில்லாக்காரர்கள், இரண்டுக்கும் எழுத்தில்தான் ஒற்றுமை. (பவாரியாக்களையும் ஒட்டுமொத்தமாகக் கொள்ளையர் என்பது அநியாயம்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு சாதியை என்ன செய்யும் என்று, அதை எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பெருங்காமநல்லூர் தெரிந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.)

நான் எண்பதுகளில் ராணிகஞ்சு பக்கம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் சர்வேயராக இருந்தவன். அந்தப் பகுதிச் சுரங்கங்களில் முதன்முதலில் இறங்கியவர்கள் சந்தால் பழங்குடிகளும் பாவுரிகளும்தான். அதற்கு முன்னால் பாவுரிகளுக்கு மண் வெட்டுவது, பல்லக்குத் தூக்குவது, அடுத்தவர் வயலில் கூலி, இதுதான் பிழைப்பு. குழிக்குள் குடும்பமாக இறங்குவார்கள், புருஷன் கரி வெட்ட பெண்டாட்டி கூடையில் சுமப்பாள். 1929-ல் வந்த விதிகளால் பெண்களைப் படிப்படியாக வெளியேற்றினார்கள், போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறை என்றதும் 1943-ல் மறுபடி இறக்கினார்கள், 1946-ல் திரும்ப நிறுத்தினார்கள். நல்ல சட்டம்தான், ஆனால் வீட்டுக்கு வந்த இரண்டு கூலியில் ஒன்று போயிற்று, அதற்கு மாற்று என்ன என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கோலியரி வாசலில் பொரி விற்ற ஒரு கிழவி, சின்ன வயதில் உள்ளே இறங்கியவளாம், உச்சந்தலையைக் குனிந்து காட்டினாள். சும்மாடு வைத்த இடத்தில் முடியே இல்லை.

அவர்கள் குடியிருப்பு, பாவுரி பாடா என்பார்கள், ஊருக்கு வெளியே, நம் சேரி மாதிரியேதான். ஆனால் பாத்ர மாதக் கடைசி ராத்திரி, நமக்கு ஆவணி முடியும் சமயம், அங்கே தூங்க முடியாது. மண்ணில் செய்த பாது பொம்மையை நடுவில் வைத்துப் பெண்கள் விடிய விடியப் பாடுவார்கள். காசிப்பூர் ராஜாவின் மகள் பத்ராவதி கல்யாணம் ஆகாமலே இறந்துபோனாள், அவள்தான் பாது என்பது கதை. ராஜா வீட்டுப் பெண்ணுக்குக் கூலிக்காரப் பெண்கள் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பார்கள், காலையில் குளத்தில் கரைத்துவிட்டு அப்படியே வேலைக்குப் போவார்கள்.

2001 கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்தில் மட்டும் இவர்கள் ஏறக்குறைய 11 லட்சம் பேர். பட்டியல் சாதி. நாம் பெயருக்குப் பின்னால் இருந்த சாதி வாலை வெட்டிவிட்டோம் (வெட்டியதாகச் சொல்லிக்கொள்கிறோம்), அங்கே பெயரோடு ஒட்டியே வரும். குடும்பப் பெயரை வங்காளத்தில் 'பதவி' என்பார்கள். எங்கள் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் பெரியவர் ஒருவர் பதவி என்ன என்று கேட்டார். 'பாவுரி' என்றான். அதற்கப்புறம் அவர் அவனிடம் தண்ணீர் கேட்டதை நான் பார்க்கவில்லை.

அதே பதவியோடுதான் 2021-ல் பாங்குரா மாவட்டம் சால்தோடா தொகுதியில் சந்தனா பாவுரி எம்.எல்.ஏ. ஆனார். கணவர் கொத்தனார், இவரும் கூலி வேலைக்குப் போனவர், பிரமாணப் பத்திரத்தில் காட்டிய சொத்து 32 ஆயிரத்துக்கும் கீழே. உங்கள் கட்டுரை தேர்தலைப் பற்றியது, இவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கொள்ளைக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் இரண்டு வரியாக வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

உங்கள் நெடுநாள் வாசகன்,
நெய்வேலி