குழுவில் இருக்கும் என் அக்காமார்களுக்கு

அன்புள்ள அக்காமார்களே, தங்கைகளே,

மார்பகப் புற்றுநோய்க்கான கீமோ முடிந்துவிட்டது. இனி புற்று திரும்பாமல் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரைதான். 5 ஆண்டுகளாவது தொடர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு நன்றி சொல்ல அதுவரை காத்திருக்க என்னால் முடியாது.

நாகலூர்ப் பக்கம் மார்பகப் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொன்ன பெண் யாரையும் எனக்குத் தெரியாது. சேலத்தில் கீமோ ஊசிக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஆத்தூர் அக்காதான் என் கைப்பேசியை வாங்கி இந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். கண்ணாடி பார்க்கவே பயமாக இருக்கிறது என்று, கணவரிடம்கூடச் சொல்லாததை அங்கே சொன்னேன். "தைரியமாக இரு" என்று ஒருவரும் உபதேசம் செய்யவில்லை. அம்மாபேட்டை அக்கா பருத்தி நூலால் பின்னிய செயற்கை மார்பகத்தை ஏற்காடு பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். அதை அணிந்துதான் மறுபடி சந்தைக்குப் போனேன்.

விரல்கள் மரத்துப்போய் எழுத்துகளைத் தொட முடியாதபோது, எனக்காக எல்லோரும் குரல் பதிவுக்கு மாறினீர்கள். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். வந்ததும் உங்கள் குரல்கள் வரிசையாக இறங்கும். ஊசி போட்டுக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏற வேண்டுமே என்று அழுதேன். முன் இருக்கையில் உட்கார், வாந்தி மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்பு என்றீர்கள். அதன்பிறகு பயணம் பாடாய்ப் படுத்தவில்லை.

அந்தக் காய்ச்சல் இரவை எப்படி மறப்பேன்? தெர்மாமீட்டர் 100.4-ஐத் தாண்டியிருந்தது. கஷாயம் குடித்துவிட்டு விடியட்டும் என்றிருந்தேன். குழுவில் அதைச் சொன்னதும் மேட்டூர் அக்கா உடனே அழைத்தார்: "கீமோ நேரத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். இப்போதே வண்டி பிடி." நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை அவர் தூங்கவில்லை. கிருமித்தொற்று என்று அன்றிரவே மருந்து ஏற்றினார்கள்.

குழுவை நடத்தும் டீச்சருக்குத் தனியாக ஒரு வணக்கம். முள்சீத்தா இலை புற்றைக் கரைக்கும் என்று செய்தி வந்தால் உடனே நீக்கிவிடுவார். அனுப்பியவரைத் திட்டமாட்டார், தனியாக அழைத்து, சிகிச்சையை நிறுத்திவிடாதே என்று கெஞ்சுவார். அவர் அப்படிக் கெஞ்சியதால்தான் ஒரு தங்கை பாதியில் விட்ட சிகிச்சைக்குத் திரும்பினாள். எனக்கு இதைவிடப் பெரிய உதவி தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பின் சுவரில் விரல்களை நகர்த்தி நகர்த்திக் கையை உயர்த்தும் பயிற்சியை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி என்றுவிட்டார். புதிதாக வருபவர்கள் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். இரவானாலும் பேசுவேன்.

அன்புடன்,
உங்கள் ஏற்காட்டுத் தங்கை