ரொறன்ரோவுக்கு ஒரு கடிதம்

திருகோணமலை

அன்பின் மங்களம்,

உன் கடிதம் கிடைத்தது. பனியைப் பற்றி நீ புலம்பியதைப் படித்துச் சிரித்தேன். இங்கே மார்கழி மழை விடாமல் கொட்டுகிறது. முழங்கால் வலியோடு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறேன். மற்றச் செய்திகள் பிறகு. முதலில் பேரனின் விஷயத்துக்கு வருகிறேன்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பேச்சையும் அன்றாடப் பழக்கங்களையும் பரிசு கொடுத்துப் படிப்படியாகப் பழக்கும் அந்த ஏ.பி.ஏ. பயிற்சி, அவனுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று உன் மருமகள் கணக்குப் பார்க்கிறாளாமே. எல்லோரும் சொல்லும் அந்த 40 மணி நேரம், அமெரிக்காவில் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் வருவது. அந்த அளவு பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படித்து முன்னேறினார்கள் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் எந்தப் பிள்ளை இந்தக் குழுவில், எந்தப் பிள்ளை ஒப்பிடுவதற்காகக் குறைந்த பயிற்சி கொடுத்த குழுவில் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை. உரத்து அதட்டியதும், சில வேளை தொடையில் அடித்ததும் அந்தப் பயிற்சியில் உண்டு. ஒரு கணக்கு ரீச்சராகச் சொல்கிறேன், அந்த எண்ணைப் பிடித்துத் தொங்காதீர்கள். எதைப் பழக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

இதே பயிற்சி பெறும் எங்கள் சின்னவன் சந்தையில் தரையில் விழுந்து கத்துவான். கூட்டம்தான் காரணம் என்று நாங்கள் நினைத்தோம். பயிற்சி தரும் பிள்ளை ஒரு கொப்பி தந்து, கத்துவதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று எழுதச் சொன்னாள். எழுதிப் பார்த்தால், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்பவரின் ஒலிபெருக்கி! அது அலறும்போதெல்லாம் கத்தினான். கத்தியதும் நாங்கள் வெளியே தூக்கிப் போனோம். ஆக, கத்தினால் வெளியே போகலாம் என்று நாங்களே கற்றுக்கொடுத்திருக்கிறோம். இப்போது "போவோம்" என்று ஒரு பட அட்டை வைத்திருக்கிறான். கத்தல் செய்த வேலையை அட்டை செய்கிறது. 1985இல் கார், டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டிய வழி இதுதான். ஒரே நிபந்தனை, அட்டையை நீட்டியவுடன் புறப்பட்டுவிட வேண்டும், மீன்காரர் பாதி வெட்டிக்கொண்டிருந்தாலும். அதனால் சில நாட்களில் எங்கள் வீட்டில் மரக்கறிதான்.

எனக்கு ஒவ்வாததும் உண்டு. சின்னவனுக்குக் கோட்டைப் பக்கம் திரியும் மான்கள் என்றால் உயிர். ஐந்து சொல் சொன்னால்தான் மான் பார்க்கலாம் என்று முதலில் வைத்தார்கள். பிள்ளையின் ஒரே ஆசையைப் பறித்து வைத்துக்கொண்டு, பிறகு கூலியாகக் கொடுப்பதா? முடியாது என்றேன். மான் பார்ப்பது அவன் உரிமை. பரிசுக்கு வேறு ஏதாவது தேடட்டும். அதேபோல் சந்தோஷம் வந்தால் கைகளை உதறுவான். யாருக்கு என்ன நட்டம்? கையை அடக்கு, கண்ணைப் பார் என்று சிறுவயதில் பழக்கப்பட்ட ஓட்டிசம் உள்ளவர்கள் பலர், பெரியவர்களான பின் அந்த நடிப்பின் களைப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை உன் மருமகளும் வாசிக்கட்டும்.

பல் தீட்டுவது, வலிக்கும் இடத்தைக் காட்டுவது, வேண்டாம் என்று சொல்வது, இவை இலக்குகளில் இருந்தால் அனுப்புங்கள். "அமைதியாக உட்கார்ந்திருத்தல்" முதலில் இருந்தால் யோசியுங்கள். பயிற்சி நடக்கும்போது வீட்டார் உள்ளே இருக்கக் கூடாது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

அவர்கள் எழுதித் தந்த இலக்குகளை அடுத்த கடிதத்தோடு அனுப்பு. சிவப்புப் பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
இந்திரா